கரையில் நின்ற குதிரைகள்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெள்ளைப்படையின் தளபதி ஜெனரல் விராங்கெலின் பெருமை போர்க்களத்திலா, நாடு துறந்ததிலா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "குதிரையில் பாய்ந்தவர், கடைசியில் கப்பலேறி ஓடிப்போனார்!"

பாய்ந்தது உண்மை. 1914 ஆகஸ்டில், கிழக்குப் பிரஷ்யாவின் கௌஷென் கிராமத்தில், ஜெர்மன் பீரங்கிகளுக்கு நேர் எதிரே படையை நடத்தினார். ஏறியிருந்த குதிரை செத்து விழுந்தது. எதிரியின் இரண்டு பீரங்கிகளும், வீரத்துக்கான செயின்ட் ஜார்ஜ் விருதும் கிடைத்தன. சரி.

ஆனால், "ஓடிப்போனார்" என்றீர்களே! ஓட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? 1920 மார்ச், நோவரசீஸ்க் துறைமுகம். வெள்ளைப்படை கப்பலேறுகிறது. ஒழுங்கில்லை, போதிய கப்பலில்லை. முண்டியடித்தவர் ஏறினார், ஆயிரக்கணக்கானோர் கரையில் சிக்கினார்கள். அதற்குப் பெயர்தான் ஓட்டம்!

அடுத்த மாதமே, அதுவரை படைத்தலைவராக இருந்த தெனிக்கினிடமிருந்து தலைமை விராங்கெல் கைக்கு வந்தது. போர் நடக்கும்போதே, தோற்றால் மக்களை எப்படி ஏற்றுவது என்று கணக்குப் போடச் சொன்னார். 75,000 பேருக்குக் கப்பலும் நிலக்கரியும். செவஸ்தபோல், யெவ்பத்தோரியா, யால்தா, பியோதோசியா, கெர்ச் எனக் கிரிமியாவின் ஐந்து துறைமுகங்கள். எந்தப் படை எங்கே ஏறுவது என்பதும் முடிவானது.

நவம்பரில், கிரிமியாவின் நுழைவாயிலான பெரகோப் அரண் உடைந்தது. வந்தவர்கள் எத்தனை பேர்? 75,000-ஆ? இல்லை ஐயா, 1,45,000-க்கும் மேல்! மறுபடி சொல்கிறேன், 1,45,000! 126 கப்பல்கள்! தானாக நகர முடியாதவற்றை வடம் கட்டி இழுத்தார்கள். அப்படி இழுத்துவந்த 'ஜிவோய்' நாசகாரிக் கப்பல் புயலில் ஆட்களோடு மூழ்கியது. அந்த இழப்பை நான் மறைக்கவில்லை. காவல் படையினர் ஏறிய பிறகே, நவம்பர் 14 அன்று, செவஸ்தபோலில் அவர் ஏறினார். ஏறியவர் நேரே கான்ஸ்டான்டினோபிளுக்கா போனார்? யால்தாவுக்கும் பியோதோசியாவுக்கும் போய், அங்கே ஏற்றம் முடிந்ததா என்று பார்த்தார். ஓடுகிறவன் அடுத்த துறைமுகத்தை எட்டிப் பார்ப்பானா?

குதிரைகளுக்கு இடமில்லை. காலமெல்லாம் சேணத்தில் வாழ்ந்தவர், குதிரைகளைக் கரையில் நிறுத்திவிட்டு மனிதர்களை ஏற்றினார்.

இன்னொன்று ஐயா. அவர் கிரிமியாவில் போரிட்ட நாட்களில் அவரைப் பெற்ற தாய் எங்கே இருந்தார்? பெட்ரோகிராடில், போல்ஷ்விக் ஆட்சியில், அருங்காட்சியக ஊழியராக! 'விராங்கெலின் தாய்' என்று தெரிந்தால் உயிர் போகும். 1920 இறுதியில்தான் பின்லாந்துக்குத் தப்பினார். தன் தாயைக் கூட்டிவர வழியில்லாத மகன், யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கப்பலில் இடம் தேடினார் ஐயா! பிறகு 1928-இல், 49 வயதில், பிரஸ்ஸல்ஸில் அகதியாகக் கண்மூடினார்.

தீர்ப்பைத் தங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.