டீம் கிளம்பிடுச்சு, ரசிகன் எங்க போவான்? சியாட்டிலும் சாக்ரமென்டோவும்

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஹைலைட்ஸ் கிடையாது, பிளேயர் ரேட்டிங்கும் கிடையாது. போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: 2025-ல என்பிஏங்கற அமெரிக்க கூடைப்பந்து லீக்ல ஒக்லஹோமா சிட்டி தண்டர் கப் அடிச்சாங்களே, சியாட்டில்ல இருந்து இடம் மாறிப் போன அதே டீம்தானே, சியாட்டில் ரசிகருக்கும் சந்தோஷமாத்தானே இருக்கும்னு. நல்ல மனசோடதான் கேட்டிருக்கார். ஆனா இல்லங்க, இல்லவே இல்ல. என்பிஏ கணக்குல 1979-ல சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் ஜெயிச்சது முதல் கப், தண்டர் ஜெயிச்சது ரெண்டாவது கப்புன்னு ஒரே வரிசைல நிக்கும். சியாட்டில்காரங்க அந்தக் கணக்க வாயால கூட சொல்ல மாட்டாங்க.

ஏன்னு முழுசா சொல்றேன். "அன்பு இருந்தா டீம் தங்கிடும்"னு நெனைக்கிறவங்க கண்டிப்பா கேளுங்க.

சோனிக்ஸ் 1967-ல இருந்து 41 சீசன் அந்த ஊர்ல ஆடின டீம். 2006-ல அப்ப டீம் முதலாளியா இருந்த ஸ்டார்பக்ஸ் காபி கம்பெனி ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அத 35 கோடி டாலருக்கு ஒக்லஹோமாவுல இருந்து வந்த கிளே பென்னட் குழுவுக்கு வித்தார். ஒரு வருஷம் சியாட்டில் பக்கமே புது அரங்கத்துக்கு நேர்மையா முயற்சி பண்ணணும்னு நிபந்தனை. அதே வருஷம் நவம்பர்ல ஊர் மக்கள் ஓட்டு போட்டாங்க: விளையாட்டு டீமுக்கு நகரப் பணம் குடுத்தா அதுக்கு நியாயமான வருமானம் திரும்பி வரணும். 74 சதவீதம் ஆதரவு. வரி கட்டுறவங்க கேட்டது தப்பே இல்ல. ஆனா டீம் முதலாளி கைல அது ஒரு சாக்கா மாறிடுச்சு. பாருங்க, ஊரே எங்கள வேண்டாம்னு சொல்லுதுன்னு.

2007 ஆகஸ்ட்ல அந்தக் குழுவுல பங்குதாரரா இருந்த ஆப்ரி மெக்லென்டன் ஒரு பத்திரிகைகிட்ட உண்மைய ஒடச்சிட்டார். சியாட்டில்ல வச்சிருக்கிறதுக்காக நாங்க டீம வாங்கல, இங்க ஒக்லஹோமாவுக்கு வரணும்னு ஆசைன்னு. அதுக்கு என்பிஏ அவருக்குப் போட்ட அபராதம் 2.5 லட்சம் டாலர். அவ்வளவுதான்! மறு வருஷம் ஏப்ரல் 18, எல்லா என்பிஏ டீம் முதலாளிங்களும் போட்ட ஓட்டெடுப்பு, 28-க்கு 2-ன்னு இடமாற்றம் பாஸ். எதிர்த்தவங்க டல்லாஸ் மார்க் கியூபன், போர்ட்லாண்ட் பால் ஆலன் ரெண்டே பேர்.

இப்ப எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம். சோனிக்ஸ் ஆடின நகர அரங்கம் கீ அரினா, அதோட குத்தகை 2010 வரைக்கும் இருந்துச்சு. நகரம் கேஸ் போட்டுச்சு, விசாரணையும் முடிஞ்சுது. 2008 ஜூலை 2, நீதிபதி தீர்ப்பு சொல்ல சில மணி நேரம் இருக்கும்போது நகரம் சமரசத்துக்குப் போயிடுச்சு. 4.5 கோடி டாலர். கணக்கு போடுங்க மக்களே. 41 சீசனுக்குப் பிரிச்சா ஒரு சீசனுக்கு 11 லட்சம் டாலர் கூட முழுசா தேறல. 35 கோடிக்கு வாங்கின டீம வெளிய கொண்டு போக 4.5 கோடி, அதாவது வாங்கின விலைல 13 சதவீதம். கூடவே இன்னொரு 3 கோடி தர்றோம்னு ஒரு வரி. அத படிச்சா தெரியும் எப்படி எழுதியிருக்காங்கன்னு. கீ அரினாவ புதுப்பிக்க மாநில சட்டமன்றம் 2009 முடியுறதுக்குள்ள குறைஞ்சது 7.5 கோடிக்கு அனுமதி குடுக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்குள்ள வேற என்பிஏ டீமும் வந்திருக்கக் கூடாது. ரெண்டும் நடந்தாத்தான் காசு. சட்டமன்றம் அனுமதி குடுக்கல, 3 கோடி போச்சு. தீர்ப்புக்காக அந்த சில மணி நேரம் காத்திருந்திருக்கணும்ங்கறதுதான் என் கருத்து, அத மாத்திக்க மாட்டேன்.

அந்த சமரசத்துல உருப்படியான ஒண்ணு: பேரும் பச்சை-மஞ்சள் கலரும் சியாட்டிலுக்குன்னு எழுதி வாங்கிட்டாங்க. நாளைக்கு அங்க புது டீம் வந்தா அது சோனிக்ஸாவே ஆடலாம். இப்ப திரும்பவும் அந்தப் பேச்சு ஓடுது. பழைய கீ அரினா கூரைய மட்டும் அப்படியே நிறுத்தி வச்சு, கீழ தோண்டி, புதுசாவே கட்டி 2021-ல கிளைமேட் பிளெட்ஜ் அரினான்னு திறந்தாச்சு.

சரி, சாக்ரமென்டோ. 2013 ஜனவரில மலூஃப் குடும்பம் அந்த ஊர் டீம் கிங்ஸோட 65 சதவீதத்த விக்க ஒப்பந்தம் போட்டுச்சு. வாங்க வந்தது யாரு தெரியுமா? சியாட்டில் குழு, கிரிஸ் ஹான்சன். டீம பறிகொடுத்த ஊரே இன்னொரு ஊர் டீம எடுக்க வந்துச்சு.

இங்க சாக்ரமென்டோ ரசிகர்கள் என்ன பண்ணாங்கன்னு கவனிங்க. கத்தினதோட நிக்கல. மேயர் கெவின் ஜான்சன் தானே பழைய என்பிஏ பிளேயர், முதலாளிங்க எத பாப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். மூணு வேலை. ஒண்ணு, ஊர்லயே வச்சுக்குவேன்னு சொல்ற முதலாளிய புடிக்கணும். மும்பைல பொறந்த விவேக் ரணதிவே வந்தார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்ல பங்கு வச்சிருந்தவர், அத விட்டுட்டு இதுக்கு வரணும். ரெண்டு, அரங்கத்துக்கு காகிதத்துல கையெழுத்து. மார்ச் 26, நகர மன்றம் 7-க்கு 2-ன்னு ஓகே, நகரத்தோட பங்கு 25.8 கோடி டாலர். மூணாவதுதான் ரசிகர் வேலை: டீம் தங்கினா சீசன் டிக்கெட் வாங்குறேன்னு ஆளாளுக்கு முன்கூட்டியே உறுதி குடுத்தாங்க. முதலாளி கண்ணுக்கு கண்ணீர் தெரியாது, நிரம்பப்போற சீட்டு தெரியும்.

மே 15, என்பிஏ முதலாளிங்க ஓட்டெடுப்பு. 22-க்கு 8, இடமாற்றம் கிடையாது. சியாட்டில் கடைசில மொத்த டீமுக்கு 62.5 கோடின்னு விலைய ஏத்துச்சு, கிங்ஸ் கைமாறினது 53.4 கோடி மதிப்புல. குறைஞ்ச விலை ஜெயிச்சுது!

ஆங், ஒண்ண விட்டுட்டேன். ஓட்டெடுப்புல தோத்தப்புறம் சாக்ரமென்டோ அரங்கத்த தடுக்க ஒரு கையெழுத்து இயக்கம் நடந்துச்சு. அதுக்கு மறைமுகமா 1 லட்சம் டாலர் குடுத்தது ஹான்சன்னு ஆகஸ்ட்ல வெளிய வந்துடுச்சு. மன்னிப்பு கேட்டார், அபராதம் 50 ஆயிரம் கட்டினார். சியாட்டில் ரசிகர்மேல எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் இது அசிங்கமான வேலை.

சாக்ரமென்டோவுக்கு ஏன் இவ்வளவு வெறின்னா, மணிய சொல்லாம முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் டீம் லேக்கர்ஸோட கோச் ஃபில் ஜாக்சன் இந்த ஊர பாதி நாகரிகம்தான், மாட்டுப்பட்டின்னு கிண்டல் பண்ணார். ரசிகர்கள் கோச்சுக்கல, மாட்டுக் கழுத்து மணியையே கைல தூக்கிட்டு வந்து லேக்கர்ஸ் பெஞ்சுக்குப் பின்னாடி நின்னு அடிச்சாங்க. அதுக்கும் ஒரு முறை உண்டு. எதிராளி ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கிற தடையில்லாத ஷாட், போடும்போதும் பந்து அவங்க கைல இருக்கும்போதும் அடிக்கணும். வழிய மறிக்க ஆள் வருதுன்னோ (ஸ்க்ரீன்), ஆட்டம் மாத்துன்னோ ஒருத்தர் சொல்றது பக்கத்து ஆளுக்கே கேக்காது, அங்கதான் பந்து தப்பும். நம்ம ஆளு ஃப்ரீ த்ரோ லைன்ல நிக்கும்போது மணி நாக்க விரலால புடிச்சுக்கணும். அப்ப ஒரு கிணுங்கு கேட்டாலும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார், முறைக்கணும்.

டீம காப்பாத்தின அதே 2013-ல, நவம்பர் 15, டெட்ராய்ட் மேட்ச்சுல 126 டெசிபல் சத்தம்னு கின்னஸ்ல ஏறிட்டாங்க. அப்ப டீம் நல்லா ஆடுச்சா? இல்ல. 2006-க்கு அப்புறம் 16 சீசன் பிளேஆஃப், அதாவது கப்புக்கான கடைசிச் சுற்றுக்கே, போகாம இருந்த டீம் அது.

அது முடிஞ்சது 2022-23-ல. அந்த சீசன்லதான் அரங்கக் கூரைல இருந்து வானத்துக்கு ஊதா ஒளி. அக்டோபர் 29, மயாமிய ஜெயிச்ச ராத்திரி முதல் தடவை. சிவப்பும் நீலமும் கலந்து ஊதாவாகுற லேசர். காத்து சுத்தமா இருந்தா ஒளி மெலிசாத்தான் தெரியும். பனியோ தூசியோ இருந்தாத்தான் அது பட்டுச் சிதறி கெட்டியா நிக்கும். மஞ்சு மூடின ராத்திரில எடுத்த போட்டோ எல்லாம் அவ்வளவு அழகா இருக்கிறதுக்கு இதுதான் காரணம். வெளியூர்ல ஜெயிச்சாலும் ஏத்துவாங்க, அதனால டிவில மேட்ச் பாக்காதவன்கூட ஜன்னல திறந்து ரிசல்ட் தெரிஞ்சுக்கலாம். இத வித்தை காட்டுறாங்கன்னு சொல்றவங்கள எனக்குப் புடிக்கவே புடிக்காது. டீம் போயிடும்னு பயந்து தூங்காத ஊர் அது.

2023 முதல் ரவுண்டுல வாரியர்ஸ்கிட்ட 7-வது மேட்ச்ல தோத்தாங்க, ஸ்டெஃப் கர்ரி 50 பாயிண்ட். அத இந்த சேனல்ல திரும்பப் பேச வேணாம், ப்ளீஸ்.

நேரம் கேட்டவங்களுக்கு: சாக்ரமென்டோல ராத்திரி 7 மணி மேட்ச்சுன்னா குளிர்காலத்துல இந்தியாவுல நமக்கு மறுநாள் காலைல 8:30. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைல இருந்து அங்க கடிகாரத்த மாத்துவாங்க, அப்புறம் 7:30. நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி 8:30. இதுலதான் நெறைய பேர் முதல் குவார்ட்டர கோட்டை விடுறாங்க. கிங்ஸ் சொந்த ஊர்ல ஜெயிச்சா கடைசி ஹாரன் அடிச்ச உடனே ஸ்ட்ரீம மூடிடாதீங்க. பேட்டி குடுத்துட்டு ஒரு பிளேயர் வந்து ஊதா ஒளிய ஏத்துற அந்த பெரிய பொத்தான அழுத்துவார், அதுவரைக்கும் கூட்டம் கிளம்பாது.