ஷிங்கோ லாவும் ஒரு தலைவலியும்

நேயர்களுக்கு வணக்கம். இமயமலை என்றதும் நம்மில் பலருக்குக் கேதார்நாத்தும் பத்ரிநாத்தும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது லடாக்கில் இருக்கும் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கைப் பற்றி. மழை மேகங்களை மலைத்தொடர் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் கல்லும் மண்ணும்தான். ஊர் இருக்கும் இடத்தில் மட்டும், பனி உருகி வரும் ஓடைக்கு வாய்க்கால் வெட்டி பார்லி விளைவிக்கிறார்கள்.

இமாச்சலத்தின் தார்ச்சாவிலிருந்து அங்கே நடந்துபோக ஷிங்கோ லாவைத் தாண்ட வேண்டும். ‘லா’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் கணவாய். உயரம் சுமார் 5,090 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு இறங்கிவிடுவதால், ஒரு மூச்சில் நமக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய பாதிதான்.

சாலை வருவதற்கு முன்பு, குதிரைகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் போனோம். கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்ட இரவு எனக்குத் தலை பிளந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பயணம் நின்றுவிடுமே என்ற பயம். எங்கள் குதிரைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தட்டைத்தான் பார்த்தார். போட்ட சோறு அப்படியே இருந்தது. விடிந்ததும் ஒரு நேர்க்கோட்டில் குதிகாலும் கால்விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். தடுமாறாமல்தான் நடந்தேன். இருந்தும் மூட்டைகளைக் கட்டி குதிரைகளைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார். “சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆள் இறங்க வேண்டும்” என்று அவருடைய இந்தியில் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்தது. ஆனால் மதியத்துக்குள், கீழே ஆற்றோரம் வந்து சேர்ந்தபோது, தலைவலி போன இடம் தெரியவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2024 மார்ச்சில் எல்லைச் சாலைகள் நிறுவனம், லே பக்கத்து நிம்முவிலிருந்து ஜான்ஸ்கரின் பதும் ஊர் வழியாக, ஷிங்கோ லாவைத் தாண்டி தார்ச்சா வரும் சாலையை இணைத்துவிட்டது, 298 கிலோமீட்டர். ஜான்ஸ்கர் மக்களுக்கு அது பெரிய விடிவு, குளிர்காலத்தில் நோயாளியை வெளியே கொண்டுபோக உறைந்த ஆற்றின்மேல் நடந்தவர்கள் அவர்கள், அந்தச் சாலையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் நாள்கணக்கில் நடந்து ஏறிய உயரத்துக்கு இப்போது வண்டி போகிறது, மணாலியின் 2,050 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் கணவாய்க்கு ஏறிவிடலாம் என்று கிளம்புகிறார்கள். சாலை மாறியிருக்கிறது, காற்று மாறவில்லை.

அதனால் கிளம்பப் போகிறவர்களே, தார்ச்சாவுக்கு முன்னால் வழியில் வரும் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவாவது தங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். தலைவலி வந்தால் அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி, நடு இரவானாலும் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும். தினமும் ஓடுகிறேன், உடம்பு கல் மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் இதில் செல்லாது. மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நாங்கள் கடந்தோமா? கீழே இரண்டு இரவு தங்கிவிட்டு, மறுபடி நிதானமாக ஏறினோம். வெயில் ஏறினால் பனி இளகி முழங்கால்வரை புதையும் என்பதால் இருட்டிலேயே கிளம்பி, பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று, கல் குவியலில் பௌத்த மந்திரம் எழுதிய துணிக்கொடிகள் படபடக்கும் உச்சியைத் தொட்டோம். இறங்கி கர்க்யாக் கிராமத்துக்கு வந்தால், நாள்கணக்கில் கல்லையே பார்த்த கண்ணுக்கு, 4,000 மீட்டருக்கு மேலே பச்சைப் பசேலென்று பார்லி வயல். ஒரு பாட்டி “ஜூலே”, அதாவது வணக்கம், என்று சொல்லி அழைத்து உட்காரவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஊற்ற ஊற்ற நான் மூன்று கிண்ணம் குடித்துவிட்டேன். குதிரைக்காரர் என் காலிக் கிண்ணத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார், அப்புறம் மூட்டைகளை இறக்கப் போனார்.