ராத்திரியில குப்புன்னு வேர்க்குது: ஹார்மோன் எடுத்துக்கலாமா?

அடுத்த கேள்வி. 49 வயசு, அஞ்சு மாசமா பீரியட்ஸ் வரலையாம். ராத்திரி ரெண்டு மூணு தடவை நெஞ்சுல இருந்து முகம் வரைக்கும் குப்புன்னு சூடு ஏறுது, வேர்த்து நைட்டி நனைஞ்சிடுது, அடுத்த நிமிஷமே குளிருது, அதோட தூக்கம் போச்சு. "டாக்டர் ஹார்மோன் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆனா மத்தவங்க மார்பகப் புற்றுநோய் வரும்னு பயமுறுத்துறாங்க. எடுத்துக்கலாமா, கர்ப்பப்பை இருக்கு"ன்னு கேட்கிறாங்க. கர்ப்பப்பை இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப முக்கியம். அதுக்கு வர்றேன்.

முதல்ல, 12 மாசம் தொடர்ச்சியா வராம இருந்தாதான் மெனோபாஸ்னு சொல்வோம். நீங்க அதுக்கு முந்தின கட்டத்துல இருக்கீங்க, திரும்பவும் வரலாம். 45 வயசு தாண்டினவங்களுக்கு இதை உறுதிப்படுத்த ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. இந்தக் கட்டத்துல அந்த அளவெல்லாம் ஏறி இறங்கிட்டே இருக்கும், ஒரு நாள் எடுத்த ரிப்போர்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தைராய்டை மட்டும் பார்த்துடுங்க, அது அதிகமா சுரந்தாலும் இதே வேர்வை, இதே படபடப்புதான். இன்னொண்ணு, கரு தங்குற வாய்ப்பு இன்னும் இருக்கு. இந்த ஹார்மோன் மருந்து கருத்தடை ஆகாது.

இது "உடம்பு சூடு" இல்லம்மா. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறையும்போது மூளையில வெப்பத்தைக் கட்டுப்படுத்துற இடம் ரொம்பத் தொட்டாற்சுருங்கி ஆயிடுது. உடம்பு வெப்பம் துளி ஏறினாக்கூட, கொதிக்குதுன்னு நினைச்சு ரத்தக்குழாயை விரிச்சு வேர்வையைத் திறந்து விட்டுடும். அதனாலதான் அடுத்து குளிருது.

இப்ப புற்றுநோய் பயம். 2002-ல அமெரிக்காவுல வெளியான ஒரு பெரிய ஆய்வுலதான் இது கிளம்புச்சு. அதுல கலந்துக்கிட்டவங்களோட சராசரி வயசு 63. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்கள்ல, 10,000 பேருக்கு வருஷத்துக்கு 8 பேருக்குக் கூடுதலா மார்பகப் புற்றுநோய் வந்துச்சு. அந்த 8 பொய்யில்லை, ஆனா எல்லாருக்கும் வரும்ங்கிறதும் இல்லை. 60 வயசுக்குள்ள, இல்லைன்னா பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிறவங்களுக்கு, தொந்தரவு அதிகமா இருந்தா, பெரும்பாலும் நன்மைதான் கூடுதல். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலிலோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டு வந்திருந்தா, கல்லீரல் நோய் இருந்தா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தா தானா ஆரம்பிக்கவே கூடாது.

கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தனியா எடுத்தா, உள்சுவர் தடிச்சுக்கிட்டே போய் அங்கேயே புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கத்தான் கூட புரோஜெஸ்டிரோன் தர்றோம். உங்க நிலையில வழக்கமா 200 மில்லிகிராம், மாசத்துல 12 நாள், படுக்கப் போகும்போது. தூக்கம் வரும், அது உங்களுக்கு நல்லதுதானே! பலபேர் பண்ற தப்பு என்னன்னா, இதைப் போட்டா மயக்கமா இருக்குன்னு இதை மட்டும் நிறுத்திட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்றது. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட மாத்திக் கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையா எடுக்கிறதைவிட ஜெல்லாவோ, தோல்ல ஒட்டிக்கிற பேட்ச்சாவோ எடுத்தா ரத்தக்கட்டு அபாயம் குறைவு. ஜெல்லைக் குளிச்சுத் துடைச்ச காய்ஞ்ச தோல்ல, தொடையிலயோ மேல்கையிலயோ மெல்லிசா பரப்பிக் காய விடணும். மார்புல தடவக் கூடாது. உடனே கையைக் கழுவிடுங்க, அந்த இடம் காயாம குழந்தைங்க மேல படக் கூடாது.

பலன் தெரிய சில வாரம் ஆகும், முழுசா தெரிய மூணு மாசம் வரை ஆகலாம். பத்து நாள்ல "கேட்கலை"ன்னு விட்டுடாதீங்க. முதல் மூணு மாசம் அங்கங்கே கறை படலாம், அதுக்கு மேலயும் நீடிச்சா ஸ்கேன் பார்க்கணும்.

ஹார்மோன் முடியாதவங்களுக்கு வென்லாஃபாக்சின், ராத்திரி வேர்வைக்கு கபாபென்டின்னு மாற்று மருந்துகள் இருக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுறவங்க, இதே வேர்வைக்குத் தர்ற பராக்சிடின் மட்டும் வேண்டாம், டமாக்சிஃபெனோட வேலையை அது குறைச்சுடும். சோயா கேட்பீங்க, சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், ராத்திரி வேர்வைக்கு அதை நம்பி உட்கார முடியாது. மது, சிகரெட், படுக்கும் முன்னாடி சூடான பானம் மூணையும் குறைச்சுப் பாருங்க.

நீங்க கேட்கலை, யாரும் வாய்விட்டுக் கேட்கிறதும் இல்லை. கீழ வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர். வேர்வை நாளாக நாளாகக் குறையும், இது தானா சரியாகாது. உள்ளே வைக்கிற குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கு. ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. ரத்தத்துல மிகக் குறைவாத்தான் சேரும், வழக்கமா இதுக்குக் கூட புரோஜெஸ்டிரோன் வேண்டியதில்லை. அங்கே சோப்பு போட்டு உள்வரைக்கும் கழுவுற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க, வறட்சி இன்னும்தான் கூடும்.