கம்பஸ் மரங்களும் வரைபடத்தில் ஏறட்டும்

வணக்கம் நேயர்களே. கட்டடம் ஒன்று கட்டப்போகிறோம் என்றால் முதலில் நில அளவைப் படம் மேசைக்கு வரும். அதில் மதில் இருக்கும், வடிகான் இருக்கும், மின்கம்பம்கூட இருக்கும். மரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அத்திவாரம் வெட்ட ஆட்கள் வந்து நிற்கும்போதுதான் "இந்த வேம்பு இடைஞ்சலாக நிற்கிறதே" என்ற பேச்சு எழும். அந்த நேரத்தில் யார் கதைத்தும் பலனில்லை. ஆகவே நம் வளாகத்து மரங்களை இப்போதே வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இரண்டு கம்பஸுக்கும், ஏன், நிழல் மரம் நிற்கிற எந்தப் பாடசாலைக்கும் இதைத்தான் சொல்வேன்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். அதோடு சேர்ந்து இயங்கும் கியூஃபீல்ட் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் சிக்னல் இல்லாத மூலையிலும் பதியலாம். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இலக்கம், பெயர், சுற்றளவு, நிலைமை, படங்கள். சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

இலையை மட்டும் படமெடுத்தால் போதாது. மருதின் பட்டை வெளிறித் தகடு தகடாக உரியும், காயில் ஐந்து சிறகு இருக்கும். பாலையின் பட்டை கருத்து வெடித்திருக்கும், காம்பை ஒடித்தால் பால் வடியும். பட்டை, பூ, காய் மூன்றும் படத்தில் இருந்தால் பிறகு பெயரில் சண்டை வராது.

சிக்கல் இருப்பது இடத்தைக் குறிப்பதில்தான். திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் அளவில் பிழைவிடும். அடர்ந்த கிளைகளுக்குக் கீழே, உயர்ந்த சுவருக்குப் பக்கத்தில் அது இன்னும் கூடும். அருகருகே நிற்கும் இரண்டு வேம்புகள் வரைபடத்தில் இடம் மாறிவிடும். ஒன்று சுவருக்குள்ளேயே போய் நிற்கும். அப்படியான இடத்தில் போனை நம்பாதீர்கள். செய்மதிப் படத்தில் தெளிவாகத் தெரிகிற கட்டட மூலைகள் இரண்டைப் பிடித்து, அங்கிருந்து மரத்துக்கு நாடா பிடியுங்கள். இரண்டு தூரமும், மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தெரிந்தால் அது நிற்கும் இடம் தானாக அகப்படும். அப்புறம் இன்னொன்று: ஆள்கூறுகளை, அதாவது அகலாங்கு நெட்டாங்குகளை, பாகையில் அட்டவணையில் எழுதும்போது தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கமாவது வேண்டும். நான்கோடு நிறுத்தினால் பதினொரு மீற்றர் வரை மங்கிவிடும்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் மூத்தவர்கள் யாரும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் எந்த மரம் எங்கே நின்றது என்று இன்றும் அவர்களைக் கேட்டுத்தான் அறிகிறோம். மாரிக்கு முன் ஒருமுறை, மாரி கழிந்து ஒருமுறை சுற்றிவந்து பதிவைத் திருத்தினால் விழுந்தது எது, பட்டுப்போனது எது, புதிதாக நட்டது எது என்பதெல்லாம் கையில் இருக்கும்.

வரைபடம் தயாரானதும் ஒவ்வொரு மரத்தின் கிளைப்பரப்பையும் வட்டமாகப் போட்டு, அதன்மேல் புதிய கட்டடத் திட்டத்தை வைத்துப் பாருங்கள். சுவரை மூன்று மீற்றர் தள்ளினால் ஒரு பழைய மருது தப்பும் என்பது அங்கேயே தெரியும். அந்தக் கோப்பு ஒரு மாணவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் பட்டமளிப்போடு அதுவும் போய்விடும். பிரதி ஒன்றை வளாகப் பராமரிப்புப் பகுதியிடமும், இன்னொன்றை நூலகத்திலும் கட்டாயம் கொடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.