தோள்பட்டை இறுக்கமா? எண்ணெய்யை ஓரமா வைங்க, ஒரு டென்னிஸ் பந்தும் சாக்ஸும் போதும்!

[திரையில்: தொடைக்கறி, கத்தி முனையில் தூக்கிய வெள்ளைச் சவ்வு]

கறிக்கடையில தொடைக்கறி மேல மெல்லிசா, வெள்ளையா, மினுமினுன்னு ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், பாத்திருக்கீங்களா? கையால இழுத்தா லேசுல பிய்யாது. அதே சவ்வு நம்ம ஒவ்வொரு தசையையும் சுத்தி இருக்கு. பேரு ஃபேஷியா. அது மேல மெதுவா அழுத்தம் குடுத்து இறுக்கத்தைக் குறைக்கிறதுதான் மயோஃபேஷியல் ரிலீஸ்.

[திரையில்: சுங்குடி முடிச்சு, நெருக்கத்தில்]

இப்ப நம்ம மதுரை சுங்குடியைப் பாருங்க. துணியை நகத்தால கிள்ளி, நூலைச் சுத்தி ஒரு முடிச்சு. முடிச்சு கடுகளவுதான், ஆனா சுத்தியிருக்க துணி மொத்தமும் சுருங்கி அதை நோக்கி இழுக்கும். தசையிலயும் இப்படித்தான், முடிச்சு ஒரு இடம், வலி இன்னொரு இடம். தையல் மெஷின்ல குனிஞ்சே இருக்கவங்க, நாள் பூரா மாவு வீசுற பரோட்டா மாஸ்டர், இவங்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல உள்ள சதை கட்டிக்கும். வலியோ நெத்திப்பொட்டுல தெரியும்! தைலத்தை நெத்தியில தேய்ச்சா எப்படிப் போகும்? அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வைத்தியம் பாத்த டாக்டர் ஜேனட் டிராவல், இன்னொரு டாக்டர் டேவிட் சைமன்ஸோட சேந்து 1983-லயே இதைப் படம் போட்டுக் காட்டிட்டாங்க.

"நல்லா ஏறி மிதிங்க, சவ்வு விடும்"னு சொல்றது தப்பு மக்களே. உள்ளங்கால் சவ்வு 1 சதவீதம் அமுங்கவே 852 கிலோ வேணும்னு 2008-ல ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. அதனால சவ்வை நம்ம கையால உடைக்கவே முடியாது. மெதுவான அழுத்தத்தை நரம்பு உணர்ந்து, தசையை இளக விடுது. அவ்வளவுதான். முரட்டுத்தனமா அழுத்துனா தசை இன்னும் இறுகிக்கும்.

[திரையில்: சுவரில் சாய்ந்து நிற்பவர்]

பந்தை சாக்ஸுக்குள்ள போட்டு, நுனியைத் தோளுக்கு மேல பிடிங்க, நழுவாது. எண்ணெய் வேண்டாம், வழுக்குனா தோலைப் பிடிச்சு இழுக்க முடியாது. தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவுல, சதையில மட்டும் பந்தை வச்சு சுவர்ல சாயுங்க. காலை ஒரு அடி முன்னாடி வைங்க. முட்டியை மடக்கி ஏறி இறங்குனா சுருக்குன்னு ஒரு இடம் வரும். அங்கயே நில்லுங்க. வலி 10-க்கு 5 தாண்டக்கூடாது. 90 விநாடி, மூச்சை அடக்காம. நிறையப் பேரு அவசரமா உருட்டிட்டே இருப்பாங்க, அதான் பலன் இல்ல. பந்து சதைக்குள்ள அமிழ்ற மாதிரி இருந்தா சரியா நடக்குதுன்னு அர்த்தம். முடிச்சதும் கையை 10 தடவை மேல தூக்கி இறக்குங்க. இந்த அசைவை விட்டா இறுக்கம் சீக்கிரம் திரும்பிரும். கிரிக்கெட் பந்து வேண்டவே வேண்டாம். கை மரத்துப் போனா உடனே நிறுத்துங்க.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, எலும்பு பலமிழந்து லேசுல உடையுற நிலையில (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவங்க, டாக்டர்கிட்ட கேக்காம செய்யாதீங்க. சர்க்கரையால பாதம் மரத்தவங்க உள்ளங்கால்ல பந்து உருட்டவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா வலிச்சா அமுக்காதீங்க. ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

உங்க வேலை என்ன, எங்க பிடிக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ, நின்னே வேலை பாக்குற ஜவுளிக்கடைக்காரங்க காலுக்கு!