ஸ்தோத்திரம் சொன்னால் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கூடியிருக்கிற சபையாரே, வணக்கம். கிறிஸ்தவ வாழ்வு நிறைவடைவது நன்றி சொல்வதிலா, நோக்கத்தோடு வாழ்வதிலா என்பது தலைப்பு. நோக்கத்தோடு வாழ்வதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப்போகிற அசனச் சோறு வேகிற வாசனை பந்தல் வரை வருகிறது, அதனால் சுற்றி வளைக்கப் போவதில்லை.

எதிரணி அண்ணாச்சி பத்து குஷ்டரோகிகளை மேடைக்குக் கூட்டி வந்தார். பத்துப் பேரும் சுகமானார்கள், ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான் என்று உருக்கமாகப் பேசிக் கைதட்டலும் வாங்கினார். அண்ணாச்சி, லூக்கா 17-ஐ 18-ஆம் வசனத்தோடு மூடிவிட்டால் எப்படி? 19-ஐயும் வாசியுங்கள். காலில் விழுந்தவனிடம் ஆண்டவர் சொன்னது, "நீ எழுந்து போ". அங்கேயே விழுந்து கிட என்று சொல்லவில்லை.

பேதுருவின் மாமியைப் பாருங்கள். ஜுரம் நீங்கியதும் அந்த அம்மா நன்றி சொன்னதாகச் சுவிசேஷத்தில் ஒரு வரி கிடையாது. எழுந்தார், வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். அவ்வளவுதான் மாற்கு எழுதுகிறார். (மாமியாரை அடுப்படிக்கு அனுப்பச் சொல்கிறான் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம், எனக்கும் வீட்டில் மாமியார் இருக்கிறார்.)

நன்றியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நன்றியில்லாத உழைப்பு தற்பெருமையில்தான் போய் முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றி வாயோடு நின்றுவிட்டால்? காலையில் எழுந்து ஸ்தோத்திரம், காபி குடித்து ஸ்தோத்திரம், பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றால் "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வது. இதைத்தான் நிறைவு என்கிறீர்களா?

நம் வீடுகளில் பிடி அரிசி என்று ஒன்று உண்டு. சோறு பொங்க அரிசியை அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனி டப்பாவில் போடுவார்கள். பானை நிறைய அரிசி இருக்கிற நாளிலும் சரி, கடன் வாங்கின நாளிலும் சரி. அந்த டப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். பிடி அரிசி எடுக்கிற அம்மா எந்தச் சாட்சிக் கூட்டத்திலும் எழுந்து பேசியிருக்க மாட்டார். ஆனால் யாரோ ஒரு ஊழியக்காரர் எங்கேயோ போய் வேலை செய்ய, அந்தக் கையும் காரணம். அந்த ஒரு பிடி எதற்காகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் நான் நோக்கம் என்கிறேன்.

அந்த மாதிரி வீடுகள் நிறைந்த சீமையிலிருந்துதான் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. அதுவரை கடல் தாண்டி வந்தவர்களிடம் சுவிசேஷம் கேட்டவர்கள், இனி நாமே ஆள் அனுப்புவோம், நம் காசில் அனுப்புவோம் என்று கிளம்பினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. அப்புறம் அவரே தெலுங்குச் சீமையில் தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு படித்து, அந்த ஜனங்களோடு தங்கினார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதும் அந்தத் தோர்ணக்கல்லுக்குத்தான்.

அடுத்துப் பேச வருகிற எதிரணி மதினியிடம் ஒரே கேள்வி. நன்றியே போதும் என்றால், 1903-இல் கூடினவர்கள் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தி, அசனம் சாப்பிட்டு, தூக்குவாளியில் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை? பதில் சொல்லிவிட்டு அப்புறம் வேதத்திலிருந்து சங்கீதம் வாசியுங்கள் மதினி. நடுவர் கை மணிப்பக்கம் போகிறது, நான் உட்காருகிறேன்.