நூறு பேர் கொடுக்கும் ஒரு ரூபாய்

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம்.

கிரிப்டோ பணத்துக்கு அடிப்படையான பொதுப் பதிவேட்டுத் தொழில்நுட்பம் பிளாக்செயின். அதற்கான மென்பொருளைத் திறமூலமாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. விற்க ஒன்றும் இல்லாததால் அவர்களுக்கு வருமானமும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இணை நிதி: மக்கள் தரும் நன்கொடையோடு, ஒரு பொது நிதியிலிருந்தும் பங்கு சேர்த்துத் தரும் முறை. 2018இல் விட்டாலிக் பியூட்டரின், ஸோயி ஹிட்ஸிக், கிளென் வைல் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு அடிப்படை. 2019இல் திறமூலத் திட்டங்களுக்கு நிதி திரட்டித் தரும் கிட்காயின் தளம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொருவரும் கொடுத்த தொகைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அவற்றைக் கூட்டி, வந்ததை வர்க்கமாக்குங்கள். அதில் மக்கள் கொடுத்த தொகையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பொது நிதியிலிருந்து வரவேண்டிய பங்கு.

மூன்று திட்டங்கள், மூன்றுக்கும் நூறு நூறு ரூபாய் வசூல் என்று வையுங்கள். முதல் திட்டத்துக்கு 100 பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் தந்தார்கள்; பங்கு 9,900. இரண்டாவதற்கு 10 பேர் ஆளுக்குப் பத்து, பங்கு 900. மூன்றாவதற்கு ஒரே ஆள் நூறு ரூபாயும் தந்தார்; பங்கு பூஜ்ஜியம். மொத்தம் 10,800. பொது நிதியில் இருப்பது 5,400தான் என்றால் எல்லாம் பாதியாகும்: 4,950, 450, பூஜ்ஜியம். வசூல் ஒன்றுதான், ஆள் எண்ணிக்கைதான் வேறு. ஆகவே ஒரு பெரிய புள்ளியைத் தேடி அலைவதைவிட, உங்கள் நிரலை உண்மையிலேயே பயன்படுத்துகிற நூறு பேரிடம் பேசுவது மேல்.

ஓட்டையும் இதே இடத்தில்தான். ஒரே ஆள் நூறு வாலட் (கிரிப்டோ பணப்பை) திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரூபாய் போட்டால், நூறு பேர் தந்த திட்டத்துக்குச் சமமான பங்கு கிடைத்துவிடும். சிபில் (Sybil) தாக்குதல் என்பது இதுதான். அதனால்தான் வாலட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் தருகிறார்கள். ஒரே கூட்டம் சேர்ந்து சேர்ந்து போடும் நன்கொடைகளின் பலத்தையும் குறைக்கிறார்கள். "எங்களுக்குப் போடுங்கள், டோக்கன் தருகிறோம்" என்று ஆசை காட்டினால் திட்டத்தையே நீக்கிவிடவும் வாய்ப்புண்டு. நண்பர்களிடம் பணத்தைக் கொடுத்துத் திரும்பப் போடச் சொல்வதும் ஏமாற்றுதான். அதனால் குறைவது இன்னொரு நேர்மையான குழுவின் பங்கு.

இணை நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே நிரல் பொதுவில் இருக்கட்டும். எம்.ஐ.டி. அல்லது ஜி.பி.எல். போன்ற உரிமக் கோப்பு இல்லாத நிரலைத் திறமூலம் என்று சொல்ல முடியாது. இதை மறக்கிறவர்கள் நிறைய. பிறகு, எந்தப் பிளாக்செயின் சங்கிலியில் நிதிச் சுற்று நடக்கிறது என்று பாருங்கள். எத்தீரியம் முதன்மைச் சங்கிலியில் நெரிசல் நேரத்தில் பணம் அனுப்பும் கட்டணம் சிறு நன்கொடையையே மிஞ்சிவிடலாம். ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்ற, எத்தீரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் அந்தத் தொல்லை குறைவு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுவாகக் கையெழுத்திடும் மல்டிசிக் வாலட்டை ஒரு சங்கிலியில் அமைத்தால், அதே முகவரி வேறு சங்கிலியிலும் உங்கள் கையில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சங்கிலியில் அதைத் தனியாக நிறுவ வேண்டும்; நிறுவாமல் விட்டால் வந்த பணம் மாட்டிக்கொள்ளலாம். கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தரும் டெபாசிட் முகவரியையும் கொடுக்காதீர்கள். அந்தச் சங்கிலியை எக்ஸ்சேஞ்ச் ஏற்காவிட்டால் தொகை உங்கள் கணக்கில் ஏறாது. முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, அதை வெளியே எடுத்தும் பாருங்கள்.

வரி விஷயம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை மாற்றிக் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒரு சதவீத டி.டி.எஸ். பணம் வந்த நாளன்று ரூபாயில் என்ன மதிப்பு என்பதைக் குறித்துவையுங்கள். ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார். டிரஸ்ட், சங்கம் பெயரில் வாங்குவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் குறுக்கே வரும். விண்ணப்பிக்கும் முன்பே அதையும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.